குப்பை என்று நான் அவிழ்த்த நாடாக்கள்

அன்று சிங்கப்பூரின் ஈசூன் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் மரங்களைக் கணக்கெடுக்கும் சுமதி அக்கா, அவர் நண்பர் காசிம், முதல்முறை உதவப் போன நான், மூன்றே பேர்.

மரங்களில் தொங்கிய சிவப்பு நாடாக்களைக் குப்பை என்று அவிழ்த்துவிட்டேன்.

"அது எங்க அடையாளம்லா! எந்த மரத்தை எண்ணுனோம்னு இனி எப்படித் தெரியும்?" என்றார் அக்கா.

"நல்லா கூட்டிப் பெருக்கிட்டான்," என்றார் காசிம்.

பாதியில் படிப்பை விட்டவன், இனி என்னைக் கூப்பிடவே மாட்டார்கள்.

ஆனால் மரங்கள் எனக்கு நினைவிருந்தன. தில்லைமரப் பால் பட்டால் கண் போய்விடும் என்று கேள்விப்பட்டதால், ஒவ்வொரு மரத்தையும் உற்றுப் பார்த்த பிறகே தொட்டிருந்தேன். சேற்றில் கண்டல், அதன் பின்னால் தில்லை, காட்டோரம் பூவரசு என்று ஒவ்வொன்றாகக் காட்ட, அக்கா நாடாக்களைத் திரும்பக் கட்டினார்.

"இப்படிப் பயப்படுற ஆளுதான் வேணும். சனிக்கிழமையும் வா. ஆனா சுத்தம் மட்டும் பண்ணாத!"

என் பயத்துக்கும் ஒரு வேலை கிடைத்தது அன்றுதான்.