இளங்கொடி விழும்வரை

எங்கள் குடும்பம் வெளிநாட்டுக்குச் சுற்றுலா போனது இதுவரை ஒரே ஒரு தடவைதான். மலேசியாவுக்கு. ஆறு நாள் என்று போய் ஏழாம் நாள் திரும்பினோம். அந்த ஒரு நாள் எப்படிக் கூடியது என்று கேட்பவர்களிடம் மகள், "அப்பா ஒரு மாட்டுக்குப் பிள்ளைப்பெறு பாத்தவர்" என்று சொல்லிவிடுவாள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

நாங்கள் இருப்பது சாம்பல்தீவில். கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகு ஒன்றில் என்ஜின் பார்த்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற மற்ற ஆண்கள் பத்திரிகை வாசிப்பார்கள், கோயில் நிர்வாகத்தில் சேர்ந்து சண்டை பிடிப்பார்கள். இவர் ஒரு பசு வாங்கினார். ஒன்றே ஒன்று, சிவலைப் பசு. காலையில் எழும்பியதும் நான் நித்திரை கொண்டேனா என்று ஒரு நாளும் கேட்டறியாத மனிதர், கொட்டிலுக்குப் போய் அதனிடம் கேட்பார். எனக்குக் கேட்கும்படிதான் கேட்பார்.

கொழும்பில் வேலை பார்க்கும் மகள் பயணத்துக்கு ஒழுங்கு செய்தபோது பசு நிறைசினை. இவர் குசினிச் சுவரில் தொங்கும் கலண்டரை எடுத்து மடியில் வைத்து விரல்விட்டு எண்ணினார். நாங்கள் வந்து சேர்ந்து ஐந்து நாள் கழித்துத்தான் கன்று போடும் என்று கணக்கு வந்தது. இரண்டாம் தடவை எண்ணினார். பிறகு, "சரி, போவம். ஆனா வாற நாளிலை ஒரு நாளும் பிந்தக் கூடாது" என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும்.

அதற்கு முந்திய சினையின்போது மட்டக்களப்பில் என் அண்ணனின் மகளுக்குக் கல்யாணம். இவர் வரமாட்டேன் என்றார். நான் விடவில்லை. என்னுடைய சனத்தின் நன்மை தின்மைக்கு நீங்கள் ஒரு நாளும் வருவதில்லை என்று பழைய கதையெல்லாம் கிண்டி எடுத்து, அழுது, கடைசியில் இழுத்துக்கொண்டு போனேன். நான்கு நாள் நின்றோம். மூன்றாம் நாள் பசு நாளுக்கு முந்திக் கன்று போட்டது. கன்றின் ஒரு கால் உள்ளே மடிந்துபோய் நின்றதாம். பார்க்கத் தெரிந்த ஆளில்லை. நாங்கள் பலகாரப் பெட்டியோடு வந்து இறங்கியபோது கன்று செத்துக் கிடந்தது.

அவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லியிருப்பேன். நாலு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்துவிட்டு முடித்திருப்போம். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வளவின் பின்பக்கம் போனார். வந்து குளித்தார். சாப்பாடு போடச் சொன்னார். அந்தப் பேசாமை எனக்குள் முள்ளாகக் கிடந்தது.

இந்தத் தடவை பசுவைப் பார்க்கப் பக்கத்து வீட்டு அக்கா பொறுப்பெடுத்தார். அவர் குடும்பநல மருத்துவிச்சியாக இருந்தவர். ஊரில் பாதிப்பேரை உலகத்துக்கு எடுத்துவிட்ட கை அது. ஆனால் மாட்டைத் தொட்டதில்லை. இவர் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கக் குறிப்பை வாங்கி ஒரு தடவை பார்த்துவிட்டு, இதைவிடச் சின்னக் கடுதாசித் துண்டை வைத்துக்கொண்டு நான் இரட்டைப் பிள்ளை எடுத்திருக்கிறேன் என்று மடித்துச் சட்டைக்குள் வைத்தார்.

மலேசியாவில் முதல் ஐந்து நாளும் நல்லபடியாகத்தான் கழிந்தன. உயரக் கட்டடங்களை அண்ணாந்து பார்த்து எனக்குக் கழுத்து பிடித்தது. இவர் கட்டடங்களைப் பார்க்கவில்லை. காலைச் சாப்பாட்டு மேசையில் இருக்கும் பால் பசும்பாலா மாவில் கரைத்த மாப்பாலா என்று ஒவ்வொரு நாளும் விசாரித்தார். ஒவ்வொரு நாளும் ஊருக்குப் போன் எடுத்து, மடி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அக்காவிடம் கேட்டார். கடைசி நாள் இவருக்காகவே மகள் ஒரு மாட்டுப் பண்ணையைத் தேடிப் பிடித்திருந்தாள். பெட்டி சாமான்களை வாடகை வானில் ஏற்றிக்கொண்டு காலையில் பண்ணைக்குப் போய், மத்தியானம் அங்கிருந்து நேரே விமானநிலையம் போவதாக ஏற்பாடு. விமானம் மாலையில்.

சுற்றுலாக்காரருக்கென்றே திறந்துவிட்ட பண்ணை. ஆளுக்கொரு போத்தல் பால் தருவார்கள். கன்றுக்குப் பருக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம். நானும் மகளும் பருக்கினோம். கன்று என் சேலைத் தலைப்பையும் சேர்த்துச் சப்பியது. திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். தேடிப் போனால், ஆட்கள் போகக் கூடாது என்று கயிறு கட்டியிருந்த கொட்டிலுக்குள், முழங்கால்வரை காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்கிறார். கறுப்பும் வெள்ளையுமான பெரிய பசு ஒன்று வலியில் நிற்கிறது. பக்கத்தில் பண்ணையில் வேலை செய்யும் தமிழர் ஒருவர், என் வயதிருக்கும், கன்றின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்.

"அவள் முக்கேக்கை இழுங்கோ. சும்மா நிக்கேக்கை இழுக்காதேங்கோ" என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

கன்று வந்தது. நாம்பன், ஆண் கன்று. இவர் அதன் மூக்கைத் துடைத்து, வைக்கல் சுருட்டி முதுகைத் தேய்த்து, தாய்க்கு முன்னால் இழுத்துவிட்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மகள் மணிக்கூட்டைப் பார்த்தாள். இன்னும் நேரம் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

இவர் வரவில்லை. இளங்கொடி விழவேண்டும் என்றார்.

எங்கள் பக்கத்தில் மாடு வளர்ப்பவர்களுக்கு இது விளங்கும். கன்று விழுந்தால் பாதி வேலைதான் முடிந்தது. இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, விழும்வரை ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். விட்டால் பசு அதைத் தின்றுவிடும். தின்றால் பால் வற்றும் என்பார்கள். விழுந்ததை உரப்பையில் சுற்றி, ஆலோ அரசோ, பால் வடிகிற மரமாகப் பார்த்து, நாய் எட்டாத உயரத்தில் கட்டவேண்டும். அப்போதுதான் மடியில் பால் பெருகும். கண்டி வீதியில் கப்பல்துறைப் பக்கம் போனால் இன்றைக்கும் மரங்களில் பைகள் தொங்குவதைக் காணலாம்.

அந்தத் தமிழருக்குப் பின்னேரப் பால் கறப்பதற்குப் போகவேண்டும். தன் தகப்பன் காலத்தில் இதெல்லாம் செய்ததுண்டு என்றும், இப்போது வாளியில் போட்டுப் புதைத்துவிடுவதுதான் வழக்கம் என்றும், நின்று பார்க்கத் தனக்கு நேரமில்லை என்றும் சொன்னார். "நீங்கள் போய் வேலையைப் பாருங்கோ, நான் நிக்கிறன்" என்று இவர் சொன்னதைக் கேட்டதும் மகளுக்குத் தலை சுற்றியது.

ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை. இரண்டு. வான் சாரதி இரண்டு தடவை ஹோர்ன் அடித்தார். மகள் கெஞ்சினாள், பிறகு கத்தினாள், பிறகு என்னிடம் வந்தாள். "அம்மா, நீங்கள் ஒரு சொல் சொன்னா வருவார். சொல்லுங்கோ."

உண்மைதான். நான் கொட்டில் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்திருப்பார். முகத்தைச் சுளித்துக்கொண்டாவது வந்திருப்பார். ஆனால் என் வாய் திறக்கவில்லை. ஒரு தடவை நான் அவரை மாட்டிடமிருந்து இழுத்துக்கொண்டு போனது போதும். இன்னொரு தடவை இழுக்க என்னால் ஏலாது. மகளிடம் இதைச் சொல்லவும் வெட்கம். இளங்கொடியைச் சுற்றச் சாக்கு ஒன்று கிடைக்குமா என்று பார்க்கப் போவதுபோல மெல்ல நழுவினேன்.

சாக்கு கிடைத்தது. இளங்கொடியும் கடைசியில் விழுந்தது. இவர் அதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மரம் தேடினார். பண்ணைக்குப் பின்னால் வரிசை வரிசையாக றப்பர் மரங்கள். பால் வடிகிற மரம் வேண்டுமென்றால் இதைவிட எங்கே போவது? இவருடைய முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்கவேண்டும். நல்ல வேளையாக மரத்தில் ஏற விடாமல் அந்தத் தமிழர் ஓடிவந்து, ஒரு நீளத் தடியால் சாக்கைத் தூக்கிக் கிளையில் மாட்டினார். பண்ணைக்காரச் சீனப் பெண்மணி சத்தம் கேட்டு வெளியே வந்து, அது என்ன பை என்று கேட்டார். விளங்கப்படுத்தியதும் சற்று நேரம் எங்களையும் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மற்ற மாடுகளுக்கும் இது வேலை செய்யுமா என்று கேட்டார்.

விமானநிலையத்தில் கவுண்டர் மூடியிருந்தது. எங்களுடைய விமானம் கண்ணாடிக்கு அப்பால் நின்றது. அதில் ஏற எங்களை விடவில்லை. விடாதது அவர்களுடைய பிழையுமல்ல. மகள் வாயைத் திறக்காமல் மறுநாள் மத்தியான விமானத்துக்கு இடம் பிடித்தாள். அவள் வாயைத் திறந்திருந்தால் நாங்கள் இருவரும் தாங்கியிருக்கமாட்டோம். இவர் கதிரையில் நுனியில் குந்தியிருந்து, "ஒரு நாள்தானே. இன்னும் அஞ்சு நாள் கிடக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவருடைய காற்சட்டையிலிருந்து எழும்பிய மாட்டு வாசத்துக்குப் பக்கத்துக் கதிரைக்காரர் எழும்பி வேறிடம் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் சிரிக்கக் கூடாதென்று கைப்பைக்குள் எதையோ தேடுவதாகப் பாசாங்கு செய்தேன்.

மறுநாள் விமானம் ஏறுவதற்குக் காத்திருந்தபோது அக்கா வீடியோ அழைப்பில் வந்தார். பசு காலையிலிருந்து படுப்பதும் எழும்புவதுமாக இருக்கிறதாம். இவர் எழுந்து நின்றார். மிருக வைத்தியர் குச்சவெளிப் பக்கம் போயிருக்கிறார், வரச் சொல்லியிருக்கிறேன் என்றார் அக்கா. கைபேசியைத் திருப்பிக் காட்டினார். ஒரு கால் வெளியே தெரிந்தது. மற்றதைக் காணவில்லை.

முந்திய விமானத்தில் போயிருந்தால் அன்று காலையில் வீட்டில் நின்றிருப்போம். இதை மூன்று பேரும் நினைத்தோம்.

இவர் கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, கன்றை முதலில் உள்ளே தள்ள வேண்டும், பிறகு கையை விட்டு மடிந்த காலின் குளம்பைப் பொத்திப் பிடித்துக்கொண்டு வரவேண்டும் என்று சொன்னார். அக்கா சட்டைக்கையைச் சுருட்டுவது தெரிந்தது. "எல்லாம் ஒண்டுதான். நீங்கள் போனை வையுங்கோ, என்ர ரெண்டு கையும் வேணும்" என்றார். படம் அணைந்தது. அதற்குள் எங்கள் வரிசையைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

விமானநிலைய வைஃபை விமானத்துக்குள் வரவில்லை. மழையும் மின்னலும் என்று ஓடுபாதையில் ஒன்றரை மணி நேரம் இருத்திவைத்தார்கள். பிறகு மூன்றரை மணி நேரம் வானத்தில். சாப்பாடு வந்தது. இவர் மூடியைத் திறக்கவில்லை. எந்தப் பிரச்சினைக்கும் பேசித் தீர்வு காணும் நான், அன்று அவருடைய தட்டிலிருந்த பணிசையும் சேர்த்துச் சாப்பிட்டேன். பதற்றம் வந்தால் எனக்குப் பசிக்கும். கடவுளிடம் நான் கேட்டது கன்றைக்கூட அல்ல. இவர் இன்னொரு தடவை மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போவதை நான் பார்க்கக் கூடாது என்றுதான் கேட்டேன்.

கட்டுநாயக்காவில் இறங்கி, சனமெல்லாம் எழும்பிப் பைகளை இழுத்தபோது இவருடைய கையில் கைபேசி அதிர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று செய்திகள் விழுந்தன. இவர் திறக்கவில்லை. என்னிடம் நீட்டினார்.

"நீர் பாரும்."

திறந்தேன். முதலாவது படத்தில் அக்கா, தோள்வரை இரத்தமும் சாணியுமாக, தலைமயிர் அவிழ்ந்து, கன்னிப் பெண்போலச் சிரித்துக்கொண்டு நின்றார். அடுத்ததில் வைக்கலுக்கு மேல் ஒரு சிவலைக் கன்று, பின்னங்கால் இரண்டையும் ஊன்றி எழும்பப் பார்க்கிறது. பெட்டைக் கன்று என்று எழுதியிருந்தார்.

சொல்ல வாயெடுத்தேன். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. நான் சும்மா அழுகிறவள் அல்ல என்பது இவருக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்துக் கன்று செத்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டார். மெல்ல என் கையைப் பிடித்தார்.

"அழாதையும். இந்த முறை பிழை என்னிலைதான்" என்றார். பிறகு, "அண்டைக்குக் கல்யாணத்துக்குப் போனதிலையும் உம்மிலை பிழை இல்லை. மாடு நாளுக்கு முந்தினா ஆர் என்ன செய்யிறது" என்றார்.

கைபேசியை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்ட வைத்துப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் வழிவிடச் சொன்னார்கள். நாங்கள் இருவரும் வழியை மறித்துக்கொண்டு நின்றோம். மகள் எங்களுக்காக மூன்று மொழியிலும் மன்னிப்புக் கேட்டாள்.

இவ்வளவு காலமும் அவர் பேசாமல் இருந்தது கோபத்தை அடக்கிக்கொண்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். என்மேல் அவருக்கு ஒரு நாளும் கோபம் இருக்கவில்லை.