காணியோடு வந்த வேலை

நான் முதன்முதலாக வாங்கிய காணியோடு சேர்த்து அம்மாவையும் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியவர பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளும் மாத்தளையில் என்னைப் போலப் புத்திசாலி கிடையாது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கொக்கோ ஸ்டோரில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அம்மா மலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அப்பா எனக்கு ஆறு வயதாக இருக்கும்போதே போய்விட்டார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்துப் படித்து நான் கீழே இறங்கிவிட்டேன், அவள் அங்கேயே நின்றுவிட்டாள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அவளுக்கு இருந்த ஒற்றை அறையும் வேலைக்குப் போகிற வரைக்கும்தான். மூன்று நாள் காய்ச்சல் என்று படுத்தால் கங்காணி வாசலில் வந்து நிற்பார். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பெயரைக் கூப்பிடும்போது அங்கே நின்றால்தான் அன்றைக்குப் 'பேர்', அதாவது ஒரு நாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அவளை அந்த அறையிலிருந்து இறக்கி, யாரும் வேலைக்குக் கூப்பிடாத ஒரு வீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கு ஆசை. ஆறு வருஷம் மிச்சம் பிடித்தது அதற்காகத்தான்.

கையில் கொஞ்சம் காசு இருக்கிறது என்று தெரிந்தால் போதும், சுற்றியிருக்கிறவர்களுக்கெல்லாம் யோசனை சுரக்கும். முதலாளி சொன்னது வாடகை வழி. "தம்பி, கடைத்தெருவுக்குப் பின்னால ரெண்டு ரூம் இருக்கு. வாங்கிப் போடுங்க. மாசம் பொறந்தா வாடகை வரும், நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல." அந்த இரண்டு அறையும் அவருடையவை, மழைக்கு ஒழுகுபவை என்பதை அவர் சொல்லவில்லை. ஓடு மாற்றிய செலவையெல்லாம் எழுதியவன் நான்தானே. ஸ்டோரில் தராசு பிடிப்பவர் வேறு வழி சொன்னார். நாலந்தாப் பக்கம் ரோட்டோரத்தில் வெறும் நிலம் மலிவாகக் கிடைக்கிறதாம், வாங்கிச் சும்மா போட்டுவைத்தால் லாரி ஓட்டம் கூடக்கூட விலையும் ஏறுமாம், பிறகு விற்றுவிடலாமாம். சொன்னவர் தன் பங்குக்கு ஒரு முழம் நிலம்கூட அப்படி வாங்கியதில்லை.

உள்ளதைச் சொன்னால், ஒழுகினாலும் முதலாளியின் அறைகள்தான் சரியான முதலீடு. மாதா மாதம் வருமானம், வேண்டாமென்றால் விற்பதும் லேசு. ஆனால் வரிசையாகக் கதவுகளைப் பார்த்தாலே எனக்கு லயம் ஞாபகம் வந்துவிடும். ரோட்டோரக் காட்டிலோ அம்மாவைக் குடிவைக்க முடியாது. அதனால் மூன்றாவது வழிக்குப் போனேன். நெல்வயல்.

பலாபத்வலையிலிருந்து உள்ளே இரண்டு மைல் நடக்க வேண்டும். ஒரு சிங்களக் கிழவர் தன் வயலையும், அதன் மேட்டிலிருந்த இரண்டு அறை மண்வீட்டையும், வாசல் பலாமரத்தையும் விற்றுவிட்டு நாவுலையிலிருக்கும் மகள் வீட்டோடு போகப்போவதாக ஸ்டோருக்குக் கொக்கோ கொண்டுவந்த ஒருவர் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் அந்த வயலைப் பாதிப் பங்குக்குச் செய்துகொண்டிருந்தார். உழைப்பு அவருடையது, விளைச்சலில் பாதி காணிக்காரனுக்கு. அம்மா வீட்டில் இருப்பாள், அரிசிக்குக் கவலை இல்லை. விலையும் நான் பயந்துகொண்டு போனதில் பாதிதான்.

ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டிருக்க வேண்டும் என்பீர்கள். கேட்கத் தேவையே இருக்கவில்லை, கிழவர் தானாகவே சொன்னார். "இந்தக் காணிக்கு வலவ்வையில் வேலை இருக்கிறது, மகனே. என் பெண்டாட்டி இருந்தவரைக்கும் போனாள். இப்போது போக ஆள் இல்லை. அதனால்தான் விற்கிறேன்." வலவ்வை என்பது அந்த ஊர்ப் பிரபு குடும்பத்தின் பெரிய வீடு. ராஜா காலத்தில் ஊரே அவர்களுடைய நிலம். அவர்களிடமிருந்து காணி பெற்றவர்கள் பரம்பரையாக அதை வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், ஆனால் பதிலுக்கு வருஷத்தில் இத்தனை நாள் அந்த வீட்டுக்கு வேலை செய்ய வேண்டும். காணி கைமாறினால் வேலையும் கைமாறும். பத்திரம் எழுதும் நொத்தாரிசு, காணி உறுதியை வாசித்துக் காட்டும்போது அந்த இடத்தில் நிறுத்தி, "விளங்கிச்சா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

நான் சிரித்தேன். விளங்காமல் இல்லை, நன்றாகவே விளங்கியது. அது சிங்கள ஆட்கள் தங்களுக்குள் வைத்திருக்கிற வழக்கம், நமக்கென்ன என்று நினைத்தேன். பிறந்த நாளிலிருந்து நீங்கள் இந்த ஊர் ஆட்கள் இல்லை என்றுதான் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். தோட்டத்துக்குக் கீழேயுள்ள கிராமத்தில் ஒரு கல்யாணம், சாவு என்று எங்களை யாரும் கூப்பிட்டதில்லை. ஊரின் நல்லது கெட்டது எதிலும் சேர்க்காதவர்கள், ஊர் வேலைக்கு மட்டும் சேர்த்துக்கொள்வார்களா? ஒரு தமிழனை வலவ்வைக்கு வா என்று எவர் கேட்கப்போகிறார்? மற்றவர்களைக் கட்டுகிற கயிறு என்னைக் கட்டாது, அதனால்தான் எனக்கு மட்டும் இது மலிவு என்று கணக்குப் போட்டு, சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

அம்மா ஒரு துணி மூட்டையோடு வந்தாள். முதல் இரண்டு நாளும் இருட்டிலேயே எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல் அடுப்பு மூட்டி, அணைத்து, மறுபடி மூட்டினாள். மூன்றாம் நாள் பலாமரத்தடியில் உட்கார்ந்து வெயில் ஏறும்வரை வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது பூரா நம்பளதா?" என்று கேட்டாள். "அந்த வரப்பு வரைக்கும்" என்றேன். டவுனிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் பெருமையில் ஒரு சுற்றுப் பெருத்துவிடுவேன்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். வெள்ளைச் சாரமும் கோட்டும் போட்ட ஒருவர் படியேறி வந்தார். வலவ்வையின் காரியங்களைப் பார்ப்பவர் என்று சொல்லிக்கொண்டார். அம்மாவைப் பார்த்துத் தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் ஒரு கட்டு வெற்றிலையை நீட்டினார். அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வாழ்நாளில் யாரும் அவளை அப்படி மரியாதையாக அழைத்ததில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

"சித்திரைப் புத்தாண்டு வருகிறது. வலவ்வையில் பத்து நாள் நெல் குத்த வேண்டும். இந்தக் காணியிலிருந்து ஒரு பெண் வர வேண்டும். அம்மாவை அழைக்க வந்தேன்" என்றார் சிங்களத்தில்.

இவர் விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை. "என்ன தம்பி சொல்றாரு, விருந்தா?" என்று கேட்டாள். நான் வந்தவரிடம் திரும்பினேன். நாங்கள் தமிழாட்கள், தோட்டத்திலிருந்து வந்தவர்கள், இந்த வழக்கம் எங்களுக்கு இல்லை என்று சொன்னேன்.

அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "நேற்று உங்கள் வயலுக்கு ஊர் வாய்க்காலிலிருந்துதானே தண்ணீர் விட்டார்கள்? தமிழ்க் காணி என்று யாராவது மறித்தார்களா?" என்று கேட்டார். "காணி யாருடையதோ வேலையும் அவருடையது. இப்போது நீங்கள் எங்கள் ஊர்."

இருபத்து நாலு வருஷத்தில் அந்த வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொன்ன நேரத்தைப் பாருங்கள்.

இதற்குள் அவர் உலக்கை போடுவதுபோல் கையை உயர்த்தி இறக்கி அம்மாவுக்குச் சைகையில் காட்டிவிட்டார். அவளுக்குப் புரிந்துவிட்டது. வெற்றிலையை மெதுவாகக் கீழே வைத்தாள். "எத்தனை நாளாம்?" என்றாள். பத்து என்றேன். "பேர் போடுவாங்களா, கேளு." கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. பகலில் சோறு கொடுப்பார்கள், சம்பளம் எதற்கு, காணிதானே சம்பளம் என்றார். அம்மா தலையை ஆட்டினாள். அவர் போன பிறகு நான் கத்தினேன், பலாமரத்தை உதைத்தேன், கிழவரைத் திட்டினேன். கிழவர் பாவம், அவர் சொன்னதில் ஒரு பொய்யும் கிடையாது. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் நொத்தாரிசு வீட்டுக்கு ஓடினேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதே பாராவில் விரலை வைத்தார். "ரெண்டு தரம் வாசிச்சேனே தம்பி. நீங்க சிரிச்சீங்க" என்றார். ஆனால் இதற்கும் வழி இருக்கிறது என்றார். அரசாங்கக் கச்சேரிக்கு மனுப் போட்டால் வேலைக்குப் பதிலாக வருஷா வருஷம் ஒரு தொகை கட்டலாம். அது முடிவாகச் சில மாதம் ஆகும். அதுவரைக்கும் அம்மாதான் போக வேண்டும் என்று இல்லை, கூலிக்கு ஒரு பெண்ணை அனுப்பினாலும் ஏற்றுக்கொள்வார்கள். போகாவிட்டால் வழக்குப் போட்டு நஷ்டம் கேட்கலாமே தவிர, காணியை விட்டு எழுப்ப முடியாது. எனக்கு உயிர் வந்தது. அன்றைக்கு ஸ்டோருக்கே போகவில்லை. டவுனில் மாவு இடித்துப் பிழைக்கிற ஒரு விதவையிடம் பேசி, பத்து நாளுக்குச் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன்.

வீடு பூட்டியிருந்தது. வாசல் பெருக்கியிருந்தது. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். எங்கே என்று கேட்டதற்கு அவர்களுக்குத் தெரியவில்லை, காலையிலேயே ரோட்டுப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். வலவ்வைக்குத்தான் போய்விட்டாள், இன்றைக்கே உலக்கையைத் தூக்கிவிட்டாள் என்று அங்கே ஓடினேன். பின்கட்டில் நாலைந்து பெண்கள் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா இல்லை. வரவே இல்லை என்றார்கள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. வேறு எங்கே போயிருப்பாள் என்று, முதல் கோழிக்கு எழுந்து தோட்டத்துக்கு மலையேறினேன். போகும்போதெல்லாம் அவளிடம் என்ன சொல்வது என்று அடுக்கிக்கொண்டே போனேன். ஆள் பேசியாகிவிட்டது, அடுத்த வருஷம் அந்தத் தொல்லையும் இல்லை, எழுப்பவும் முடியாது, உன்னை யாரும் கூப்பிட மாட்டார்கள், வா.

பெரட்டுக் களத்துக்குப் போனபோது பனி விலகவில்லை. கூடையை முதுகில் போட்டுக்கொண்டு, நாற்பது ஐம்பது பெண்களுக்கு நடுவில் அம்மா நின்றாள். பெயரைக் கூப்பிட்டார்கள். "இருக்கேங்க" என்றாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

கங்காணிக்கு என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். "என்ன தம்பி, காணியெல்லாம் வாங்கிட்டீங்களாமே. அம்மா நாலு நாள் மிச்சம் இருக்க வந்துட்டாங்க" என்றார். என்ன மிச்சம் என்று கேட்டேன். "லீவுதான். பதினைஞ்சு நாள் மகன்கூட இருந்துட்டு வர்றேன்னுதானே கேட்டுட்டுப் போனாங்க."

தோட்டத்துப் புத்தகத்தில் பேர் வெட்டிக்கொண்டு, அறையை ஒப்படைத்துவிட்டு, ஒரேயடியாக வந்துவிட்டாள் என்றல்லவா நான் நினைத்திருந்தேன். வலவ்வைக்காரர் வருவதற்கு முன்னாலேயே, நான் உறுதியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நாளிலேயே, அவள் திரும்பிப் போக நாள் குறித்துவிட்டிருந்தாள்.

பெண்கள் மலைக்கு ஏறத் தொடங்கினார்கள். அம்மா வரிசையை விட்டு என் பக்கம் வந்தாள். "ஆள் பேசிட்டேம்மா, நீ அங்க போக வேணாம்" என்று எப்படியோ சொன்னேன்.

"எதுக்கு வீண் செலவு. எனக்கு இங்க ஒண்ணும் கொறை இல்ல, கூப்பிட்டா பேர் போடுறாங்க" என்றாள். என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு இலையைத் தட்டிவிட்டாள். "காணிய வித்துடாத. நல்ல காணி."

"நீ இல்லாம எனக்கு எதுக்கும்மா?"

கங்காணி குரல் கொடுத்தார். அவள் இரண்டடி போய்த் திரும்பினாள். "அறுப்புக்கு ஆள் பத்தலைன்னா சொல்லி அனுப்பு தம்பி. லீவு கேட்டுட்டு வர்றேன். நீ பேர் போட வேணாம்."