கிள்ளான் கிளினிக்கில் நான் பேசிய மலாய்

எழுபதுகளின் பிற்பகுதியில், ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையின்போது நடந்தது இது. நான் கோலாலம்பூரில் அரசாங்க அதிகாரி, குடியிருப்பு பிரிக்பீல்ட்ஸில். மகளின் திருமணப் புடவை எடுக்க நானும் மனைவியும் ஒரு காலையில் கிள்ளானுக்குப் போயிருந்தோம்.

கடையில் பேரம் நடந்துகொண்டிருந்தபோதே அவளுக்கு மார்பு வலித்திருக்கிறது. விலை படிந்து, புடவை பைக்குள் போன பிறகுதான் அதைச் சொன்னாள். கோலாலம்பூரில் எனக்கு அறிமுகமான தனியார் நிபுணரிடம் அழைத்துச் செல்வதே என் எண்ணம். அரசாங்க கிளினிக் வசதியற்றவர்களுக்கு உரியது என்று, அதே அரசாங்கத்தின் ஊதியத்தை வாங்கிக்கொண்டே, நான் நம்பியிருந்த காலம் அது. ஆனால் இரண்டு தெரு தாண்டுவதற்குள் அவள் முகம் வெளுத்துவிட்டது. கண்ணில் பட்ட முதல் அரசாங்க கிளினிக்கில் காரை நிறுத்தினேன்.

பெஞ்சுகள் நிறைந்திருந்தன. ஓரத்தில் கிடைத்த இடத்தில் அவளை உட்கார வைத்துவிட்டு, நேரே முகப்புக்குப் போய் முதலில் என் பதவியைச் சொன்னேன். அங்கிருந்த மலாய்த் தாதி அதைக் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. "சாக்கிட் அப்பா?" என்றார். என்ன நோவு என்று பொருள்.

அதிகாரிகளுக்கான மலாய்த் தேர்வில் நான் தேறி மூன்று மாதமே ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் யோசித்து, இதயத்துக்கு அகராதி தந்த சொல்லைப் பொருத்தி, வெகு திருத்தமாக, என் மனைவிக்கு "சாக்கிட் ஹாத்தி" என்றேன்.

தாதி என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கனிவான குரலில், "டெங்கான் சியாப்பா?" என்றார். யாரோடு?

அந்தச் சொற்றொடருக்கு மனத்தாங்கல் என்று பொருள். அது என் தேர்வுத் தாளில் வரவில்லை. மலாயைச் சந்தையில் கற்றவளான என் மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது. "இஞ்சேருங்கோ, நாங்கள் சண்டை பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறம் எண்டெல்லோ அந்தப் பிள்ளை நினைக்குது" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. நெற்றியெல்லாம் வியர்த்து முன்னால் சாய்ந்தாள்.

பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண்மணி அவளைத் தாங்கிக்கொண்டார்.

"என்ன அங்கிள், இப்படிச் சொன்னா கோர்ட்டுக்குல்ல அனுப்புவாங்க. சாக்கிட் டாடான்னு சொல்லுங்க லா." டாடா என்றால் மார்பு. நான் வாய் திறக்குமுன் அவரே உரத்த குரலில் தாதியிடம் சொல்லிவிட்டார். மறுகணம் சக்கர நாற்காலி வந்தது. தம்முடைய நம்பர் அட்டையை என் கையில் திணித்து, "அடுத்தது நான்தான், நீங்க போங்க. என் இருமல் எங்கயும் ஓடிடாது" என்றார்.

அட்டைக்குத் தேவையே இருக்கவில்லை. டாக்டர் உடனே பார்த்தார். நாக்கின் அடியில் ஒரு மாத்திரை வைத்தார்; ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். கோலாலம்பூர்வரை கொண்டுபோயிருந்தால் வழியிலேயே இதயம் நின்றிருக்கக்கூடும் என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கூறினார்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்தப் பெண்மணி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தம் கதையைச் சொன்னார். அவர் கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்துப் பண்டமாரான் ஊர்க்காரர். "எங்க வீட்டுக்காரர் ஹார்பர்ல மூட்டை தூக்குறவரு அங்கிள். அவருக்கும் இதே வலிதான், பார்த்ததும் இதே டாக்டர்தான். இப்ப சோத்துல உப்பு இல்லன்னு என்னையப் பிடிச்சு ஏசுற அளவுக்கு நல்லா இருக்காரு."

என் மனைவி பத்து நாள் அரசாங்க மருத்துவமனையில் இருந்தாள். பதவியைக் காட்டி முதல் வகுப்பு அறை வாங்கிக் கொடுத்தேன். பேச ஆளில்லை என்று மூன்றாம் நாளே பொது வார்டுக்குத் திரும்பிவிட்டாள். மகளின் திருமணத்தில் அந்தப் புடவையின் விலையைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னாள். அதன் பிறகும் நெடுங்காலம் என் மலாயை நாலு பேர் முன்னால் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தாள். அவள் காலமாகி ஓராண்டு நிறைகிறது.

அந்த ஆண்டுகள் எங்களுக்கு எப்படிக் கிடைத்தன என்பதை நான் அறிவேன். மூட்டை தூக்குபவருக்குத் திறந்த அதே கதவுதான் எங்களுக்கும் திறந்தது. உலகில் எந்த ஊரில் எவர் நோயுற்றாலும், யார் நீ, என்ன வைத்திருக்கிறாய் என்று கேளாமல், எங்கே வலிக்கிறது என்று கேட்க ஒருவர் அங்கே இருக்க வேண்டும் என்பதே இன்று என் பிரார்த்தனை.