நாற்காலி நகராத வீடு

என் அக்கா மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். எந்த மருந்து எந்தத் தட்டில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். வீட்டையும் அப்படித்தான் வைத்திருந்தாள். நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் அளவுகோல்.

எல்லாம் மகளுக்காக. அந்தப் பெண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். அவள் நடக்கத் தொடங்கியதிலிருந்து அந்த வீட்டில் ஒரு நாற்காலி இடம் மாறியதில்லை. கண்ட இடத்தில் செருப்பை விட்டு மாமா வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. பள்ளியில் கற்றுக்கொடுத்த வெள்ளைக் கோல், வீட்டுக்குள் வேலையில்லாமல் கதவோரம் சாய்ந்தே கிடந்தது.

பள்ளி முடிந்தது. கடையில் தொலைபேசி எடுக்கும் வேலைக்கு முதலாளியிடம் பேசி முடித்துவிட்டாள் அக்கா. அம்மாவோடு போய் அம்மாவோடு வரலாம். பெண்ணுக்கோ சட்டம் படிக்க வேண்டும். இடமும் கிடைத்திருந்தது, வேறு ஊரில், விடுதியில் தங்கி. மாமா வழக்கம்போல இருவருக்கும் தலையாட்டினார். நான் பெண்ணுக்காகப் பேசப்போக, "நாளைக்கு அவ விழுந்தா நீயா வந்து தூக்குவே?" என்று அக்கா கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

பெண்தான் நிதானமாகப் பேசினாள்.

"அம்மா, விடுதியில எனக்காக யாரும் நாற்காலியை ஒரே இடத்துல வெச்சிருக்க மாட்டாங்க. இங்க எல்லாத்தையும் மாத்தி வை. நான் பழகிக்கறேன். முடியலைன்னா கடைக்கே வந்துடறேன்."

அக்கா எழுந்து உள்ளே போனாள். சமையலறையில் பாத்திரங்கள்தான் சத்தம் போட்டன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். உள்ளே கால் வைத்ததும் நடுக்கூடத்தில் கிடந்த ஸ்டூலில் இடித்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைத் திட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் மேசை ஜன்னலோரம் போயிருந்தது, நாற்காலிகள் மூலைக்கொன்றாக நின்றன. அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அறையிலிருந்து பெண் கோலோடு வந்தாள். கோலுக்குத் தப்பிய மேசை முனை இடுப்பில் இடித்தது. நான் எழுந்தேன். அக்கா என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்து உட்கார வைத்தாள். பெண் நின்றாள், தடவிப் பார்த்தாள், சுற்றிக்கொண்டு நடந்தாள். அடுத்து ஒரு நாற்காலியில் முட்டினாள். தண்ணீர்ப் பானையிடம் போய்ச் சேர்வதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது.

"கடைக்காரர்கிட்ட என்ன சொல்லப்போறே?" என்று அக்காவின் காதில் கேட்டேன்.

"வேற ஆளைப் பாக்கச் சொல்லிட்டேன்," என்றாள். "மேசையை நகர்த்தறதுக்கு முன்னாடியே."