இரண்டு கட்சித் தண்ணீர்

1. பாட்டில்

மிஷன் ஆஸ்பத்திரி லேபில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே இரண்டு பாட்டில் தண்ணீர் வந்தது. அந்த மாதம் முனிசிபல் கவுன்சில் தேர்தல். எங்கள் வார்டில் தோல் பதனிடும் மேலண்டைத் தோல் ஷாப் முதலாளியும் கீழண்டைத் தோல் ஷாப் முதலாளியும் எதிரெதிராக நின்றார்கள். தெருக் கிணற்றைக் கெடுத்தது மற்றவர்தான் என்று ஒரு சர்டிபிகேட் வேண்டும். ஆளுக்கொரு பாட்டில் அனுப்பிய இருவர் கோரிக்கையும் அதுவே.

சில்வர் நைட்ரேட் விட்டேன். இரண்டு பாட்டிலும் பால்போல வெளுத்தன. தோலில் இருந்து கழுவிவிட்ட உப்பு. "இரண்டு ஷாப் கழிவும் இறங்கும் ஒரே கிணறு. குடிக்க உதவாது" என்று எழுதிக் கொடுத்தேன். இருவருமே அதை வாங்கிக்கொள்ளவில்லை.

2. வண்டி

அந்தத் தெருவில் இருந்த விக்டோரியா அக்காவின் கைக்குழந்தை வயிற்றுப்போக்கோடு எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தது.

"நல்ல தண்ணீர் கொடுங்கள்" என்றேன்.

"எங்க இருக்குதுன்னு நீயே சொல்லும்மா. போய் மொண்டுக்குனு வர்றேன்."

மறுவாரம் தண்ணீரே அவர் வாசலுக்கு வந்தது. காலையில் மேலண்டையாரின் பச்சைக் கொடி வண்டி, மத்தியானம் கீழண்டையாரின் சிவப்புக் கொடி வண்டி. இரண்டிலும் பாலாற்று ஊற்றுநீர். சோதித்தேன், முதல் தரம். குழந்தை தேறி வீட்டுக்குப் போனது.

எங்கள் டாக்டரம்மா அமெரிக்காவில் ஒரு பெரிய பட்டணத்துக்காரர். அங்கே அவருடைய தம்பியும் கவுன்சிலுக்கு நின்றவர்.

"எங்க ஊர்லயும் இதேதான். தேர்தல் வந்தா ஏழைங்க வீட்டுக்கு மூட்டை மூட்டையா நிலக்கரி வரும்."

"குளிருக்கு நல்லதுதானே டாக்டர்?"

"தேர்தலைக் குளிர் போன பிறகுதான் வைப்பாங்க."

3. சாட்சி

மேலண்டையார் ஜெயித்தார். மறுநாள் எந்த வண்டியும் வரவில்லை. சில நாளில் குழந்தை பழையபடி ஆஸ்பத்திரி வார்டுக்கு வந்தது.

தண்ணீர் கொடுத்து ஓட்டு வாங்கினார் என்று கீழண்டையார் கேஸ் போட்டார். விக்டோரியா அக்கா அவர் பக்கத்துச் சாட்சி. வக்கீல் கேட்டார்.

"தண்ணி வண்டி வந்துதா?"

"வந்துதுங்க. காலைல இவருது, மத்தியானம் அவருது."

"மத்தியானத்தை யாரும்மா கேட்டா?"

"மத்தியானமும் குடிச்சோமே சாமி."

எதிர்த்தரப்பு வக்கீல் குஷியாக எழுந்தார். "ஊர் மேல இருக்கிற பிரியத்துல குடுத்திருக்கக் கூடாதா?"

"பிரியம்னா ஓட்டு எண்ணின மறுநாளே ஏன் நின்னுபூடுச்சு?"

ஜட்ஜே சிரித்துவிட்டார். தேர்தல் செல்லாது, இருவரும் இனி நிற்கக்கூடாது, புதிதாக ஓட்டெடுப்பு என்று தீர்ப்பு வந்தது.

கோர்ட் வாசலில் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு விக்டோரியா அக்கா என்னிடம் சொன்னார்: "இந்தத் தபாவும் தோத்தவரு கேஸ் போடணும்மா. எத்தினி தபா கூப்ட்டாலும் வந்து உண்மையச் சொல்றேன்."

முதலாளிகளுக்குப் பதிலாக அவர்களுடைய தம்பிகள் நின்றார்கள். வண்டிகள் திரும்பி வந்தன. தீர்ப்புக்கு மரியாதை கொடுத்து, கொடியை மட்டும் கழற்றியிருந்தார்கள். குழந்தைக்கு அந்த வாரமே பேதி நின்றது.

4. லேப் வேலைக்கு வரும் பெண்களுக்கு

தண்ணீர் சாம்பிள் எடுக்கும்போது மூன்றைத் தவறாமல் குறியுங்கள்.

எடுத்த இடம்.

எடுத்த நேரம்.

தேர்தலுக்கு இன்னும் எத்தனை நாள்.