ரத்தம் உறையும் வரை

எழுபதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம், சித்தூருக்குக் கிழக்கே எங்கள் கடலைக் காட்டில் என் வீட்டுக்காரரைக் கண்ணாடி விரியன் கடித்தது. ஜீப் பிடித்துப் பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போய்ச் சேர்வதற்குள் கால் தொடை வரை வீங்கிவிட்டது. ஈறுகளில் ரத்தம் கசிந்தது. விஷமுறிவு மருந்தைப் பாட்டிலில் கலந்து ஏற்றினார்கள்.

வலிதான் அவரை வாட்டியது. சத்தம் போடுகிற ஆளில்லை. கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அவருடைய அண்ணனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கோயமுத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டார். அங்கே அக்குபங்சர் பார்க்கும் டாக்டர் ஒருவர் இருந்தார். இங்கிலீஷ் வைத்தியம் படித்துவிட்டு, கல்கத்தாவுக்குப் போய் இந்தச் சீன ஊசி முறையையும் கற்று வந்தவர். அண்ணனின் முட்டி வலி அவர் கையில்தான் குறைந்திருந்தது. மறுநாள் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி டாக்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மேசைமேல் இருந்த சின்னக் கண்ணாடிக் குழாயை எடுத்து, நாங்கள் பார்க்கும்படி சாய்த்தார். காலையில் என் வீட்டுக்காரரிடமிருந்து எடுத்த ரத்தம் அது. இந்நேரம் கட்டியாகி அடியில் ஒட்டியிருக்க வேண்டுமாம். தண்ணீராக ஓடியது.

கோயமுத்தூர் டாக்டர் குழாயை வாங்கித் தானும் ஒருமுறை சாய்த்தார். பிறகு கட்டிலருகே போய், ரத்தம் எடுத்த இடத்தில் கன்றிக் கறுத்திருந்த கையைப் பார்த்தார். ஊசிப் பெட்டியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"ஏனுங்க, மயிராட்டம் ஊசிதானுங்களே. எனக்குப் போட்டப்ப ஒரு சொட்டு ரத்தம் வல்லீங்களே," என்றார் அண்ணன்.

"உங்க ரத்தம் உறையுதுங்க. இவருக்கு இப்ப உறையல. நான் குத்துனா உள்ளுக்குள்ளயே கசியும், வெளிய தெரியாது. உறையட்டும், கூப்பிடுங்க, வர்றேன்."

அண்ணன் விடவில்லை. நான் சம்மதித்தால் டாக்டர்கள் கேட்பார்கள் என்று என்னிடம் வந்தார். அவரை எதிர்த்து நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உறையற வரைக்கும் ஆரும் குத்த வேண்டாமுங்க," என்றேன்.

அவர் வெளியே போய் உட்கார்ந்தார்.

மருந்து தொடர்ந்து ஏற ஏற ரத்தம் உறைய ஆரம்பித்தது. ஆனால் சிறுநீர் குறைந்துபோய், விக்கல் பிடித்துக்கொண்டது. சாப்பிடவும் தூங்கவும் விடாத விக்கல். மாத்திரைக்கு அடங்கவில்லை. இந்த முறை ஆஸ்பத்திரி டாக்டரே கோயமுத்தூருக்குச் சொல்லி அனுப்பினார். அவர் வந்ததும், வீங்கிய காலிலும் நெஞ்சிலும் ஊசி கூடாது என்று இருவரும் முதலிலேயே பேசிக்கொண்டார்கள். அன்றைக்கும் ரத்தம் எடுத்து, உறைவதைப் பார்த்த பிறகுதான் நர்ஸ் ஊசிகளைக் கொதிக்கவைத்துக் கொடுத்தார். மணிக்கட்டுகளில் மட்டும் போட்டார்கள்.

மத்தியானம் விக்கல் நின்றது. மறுநாள் கொஞ்சம் வந்தது. சிறுநீர் நன்றாகப் போகத் தொடங்கியதும் அறவே போய்விட்டது. எதனால் நின்றது என்று ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். ஊசியா, சிறுநீர் போனதா, இரண்டில் எது என்று தனக்கும் தெரியாது என்றார்.

என் வீட்டுக்காரர் பிழைத்து வீடு வந்தார். கடிபட்ட காலை லேசாகத் தாங்கித்தான் நடப்பார். சீன ஊசிதான் தம்பியைக் காப்பாற்றியது என்று அண்ணன் ஊரெல்லாம் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு ஊசி போட்டதே நினைவில்லை. அந்த மத்தியானம் நன்றாகத் தூங்கினேன் என்று மட்டும் சொல்வார்.