மாமாவின் மணை

குளத்துத் தெப்பத்தில் பெண்பிள்ளை ஏறக் கூடாது என்று மாமா சொன்ன அன்றே நான் ஏறிவிட்டேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. அப்பா சிங்கப்பூரில் இருந்தார். நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் குளத்தை மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்திருந்தோம். அம்மாவின் தம்பியான மாமாதான் மேற்பார்வை. பார்வை மட்டும்தான். தினமும் தெப்பத்தில் நடுக்குளத்துக்குப் போய்த் தவிடும் புண்ணாக்கும் போட்டுவிட்டு வந்தது அம்மா.

அந்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல். ஆள் தேடிக்கொண்டிருந்தார் மாமா. அந்த வேலை எனக்கு வேண்டும் என்றேன்.

“பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி இதெல்லாம்?”

“அம்மா மட்டும் ஆம்பளையா மாமா?”

தெப்பம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தெர்மாகோல் பலகைகளை உரச்சாக்கில் திணித்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. துடுப்புக்குச் செதுக்கிய தென்னை மட்டை. தெப்பத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். மட்டையின் நுனிதான் தண்ணீரைத் தொட்டது, முழங்கை தொடையில் இடித்தது. தெப்பம் இருந்த இடத்திலேயே சுற்றியது. படித்துறையிலிருந்து மாமா சிரித்தார்.

வீட்டுக்கு ஓடிப் போய் பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டேன். ஒரே தள்ளில் தெப்பம் பாய்ந்தது. மூன்றாவது தள்ளில் நான் தண்ணீருக்குள் கிடந்தேன். ஸ்டூல் எனக்கு முன்னால் மிதந்து போனது. ஐந்து வயதிலேயே நீச்சல் பழகியவள், எனக்கென்ன?

“போதும்டி ஒன் வீரம். இனிமே குளத்துப் பக்கம் பாத்தேன், காலை ஒடிச்சிருவேன்” என்றார் மாமா.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தரையோடு இருந்தால் கை எட்டவில்லை, உயரத்தில் இருந்தால் கவிழ்க்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு உயரம் இருக்கத்தானே வேண்டும்? மறுநாள் காலை அது அடுக்களையில் கண்ணில் பட்டது. மாமா சாப்பிட உட்காரும் பலாமரத்து மணை, நாலு விரல் உயரம். வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது. எடுத்துக்கொண்டு போனேன்.

வழுக்காமல் இருக்க அடியில் ஈரச்சாக்கு போட்டு, முட்டியைத் தாழ்த்தி, குதிகாலை ஊன்றிக்கொண்டேன். மட்டை முழுசாகத் தண்ணீரில் இறங்கியது. தெப்பம் ஆடாமல் நேராகப் போனது. நடுக்குளத்தில் தீனியைக் கொட்டும்போதுதான் மாமாவின் குரல் கேட்டது.

“ஏய், என் மணைடி அது! திரும்பி வாடி!”

“வேணும்னா நீங்களே வந்து எடுத்துக்குங்க மாமா!”

படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான் வேண்டுமென்றே அக்கரைப் பக்கம் திருப்பினேன். அங்கே போய்த்தான் திரும்பிப் பார்த்தேன். மாமா கடைசிப் படியில், நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றார். வேட்டி அவரைச் சுற்றி உப்பி மிதந்தது. அடிக்க வருகிறார் என்று நினைத்து இன்னொரு சுற்று போனேன். முடியும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை.

கரை சேர்ந்ததும் தெப்பத்துக் கயிற்றைப் பிடித்தார். நான் இறங்கிப் படியேறும்வரை விடவில்லை. கோபத்தில் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அன்று மத்தியானம் வெறுந்தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். மறுநாள் போனபோது மணை தெப்பத்தோடு புதுக்கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று தெரு முழுக்கச் சொன்னேன்.

ஜெயித்தது ஜெயித்ததுதான், இன்றைக்கும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த ஒரு சுற்றை மட்டும் போகாமல் இருந்திருக்கலாம். மாமாவுக்கு நீச்சல் தெரியாது என்று அம்மா சொன்னது எத்தனையோ வருஷம் கழித்துத்தான்.